கடைசி வால்வு

“திறந்துச்சா?”

“இல்ல சார்... மூடிக்கிச்சு.”

“கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லும்மா!”

“இன்னா சார் பேசறீங்க? நம்பிக்கை இல்லன்னா நீங்களே ஏறி வந்து பாருங்க!”

1984. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக எழும்பியிருந்த சோப்புத் தொழிற்சாலை. ஓடத் தொடங்குமுன் ஒவ்வொரு வால்வாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கன்ட்ரோல் ரூமில் கோதண்டம் குமிழைத் திருகுவான். மேலே இரும்பு மேடையில் நிற்கும் லீலா, வால்வு அசைந்ததா என்று வாக்கி டாக்கியில் சொல்வாள். அவன் மெட்ராஸ் கம்பெனி இன்ஜினியர். அவள் பிள்ளைப்பாக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

கோதண்டம் விறுவிறுவென்று ஏறிவந்தான். வால்வு மூடித்தான் இருந்தது. அதை இயக்கும் காற்றுக் குழாய்களை யாரோ மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். திரும்பினான்... தூறலில் நனைந்த முகம். கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட இரண்டு கண்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான். வறட்டுக் கௌரவம் விடவில்லை. “சரி” என்று முனகிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

அதன்பிறகு, அவன் கேட்டதற்கு மட்டும் லீலா பதில் சொன்னாள். ‘ஆச்சு.’ ‘ஆவல.’ அவ்வளவுதான்.

அவனோ... “மழை வருது, ஓரமா நில்லுங்க” என்றான் ஒருநாள். “சாப்டீங்களா?” என்றான் இன்னொரு நாள்.

“அதுவும் டெஸ்டிங்ல வருதா சார்?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரு மன்னிப்புக் கேட்கத் தெரியாதவனை எதற்காகப் பிடித்துத் தொலைக்கிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

கடைசி வால்வும் வந்தது. இது திறந்துவிட்டால் வேலை முடிந்தது. மறுநாள் கோதண்டம் பரோடாவுக்கு ரயிலேற வேண்டும். அவனுடைய மேனேஜர் நரசிம்மன் டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

“திறந்துச்சா?”

கண்ணெதிரே வால்வு முழுக்கத் திறந்திருந்தது.

“இல்ல சார்...” என்றாள் லீலா.

கோதண்டம் தன் வாக்கி டாக்கியைப் பக்கத்திலிருந்த நரசிம்மனிடம் கொடுத்துவிட்டு ஏறிவந்தான். குனிந்து பார்த்தான்.

“திறந்துதானே இருக்கு?”

“திறந்துதான் கீது. நான்தான் பொய் சொன்னேன். இது முடிஞ்சா நீங்க பூடுவீங்க... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. போதுமா?” கண்ணில் நீர் முட்டியது.

பதற்றத்தில் வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தியே வைத்திருந்த விரலை அப்போதுதான் எடுத்தாள். உடனே நரசிம்மனின் குரல் கரகரத்தது.

“ஏம்மா... அப்ப அந்த வால்வுக்கு ஓகே போட்டுடலாமா?”

பின்னால் கன்ட்ரோல் ரூமே சிரித்தது. லீலாவுக்கு உயிரே போய்விட்டது. இனி எந்த முகத்தோடு இங்கே வேலைக்கு வருவது?

கோதண்டம் அவள் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கினான்.

“போட்டுடுங்க சார்... பரோடாவுக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க.”