குதிரைமுட்டி உச்சியில் ஒரு சிக்னல்

“நண்பகலுக்குள் அந்த ரேடியோ பேசியாகணும் வடிவு. இல்லேன்னா அஞ்சு பேரும் ஓடைப் பாதையில் இறங்கிடுவாங்க!”

ரேஞ்சர் தில்லைநாயகி காலையில் சொன்ன அந்த வார்த்தைகள்தான் வடிவின் கால்களை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தன. மழை நின்றிருந்தது. ஆனால் குதிரைமுட்டி மலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாறைகள் வழுக்கின. அட்டைகள் செருப்பு வாருக்குள் நெளிந்தன. முதுகுப் பையில் லேப்டாப். நெஞ்சுக்குள் பயம்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பழைய வனத்துறை பங்களாவில் வரையாடு கணக்கெடுக்கப் போன ஐந்து பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போய்விட்டது. “நாளைக்கு நண்பகல் வரை எங்ககிட்டயிருந்து தகவல் வரலேன்னா ஓடைப் பாதையில் இறங்கி வாங்க” என்று ரேஞ்சர் நேற்று அவர்களிடம் சொல்லியிருந்தார். அதன்பிறகுதான் மின்னல் விழுந்தது. குதிரைமுட்டி உச்சிக் கோபுரத்தில் பங்களாவைப் பார்த்திருந்த ரேடியோ கருகிப்போனது. பேச்சு அறுந்தது. இன்று விடிந்து பார்த்தால், ஓடைப் பாதைக்கு மேலே மலைச்சரிவு நெடுக வெடித்துக் கிடந்தது! எப்போது வேண்டுமானாலும் சரியலாம். அதைச் சொல்லத்தான் வழியில்லை.

வடிவுக்கு ரேடியோக்களை அமைப்பதுதான் வேலை. ஆனால் ஊர்களில், மொட்டைமாடிகளில். காட்டுக்குள் இதுதான் முதல் தடவை. கூட வந்த ஆரோக்கியம் கோபுரம் ஏறுகிறவர், தூத்துக்குடிக்காரர். முன்னால் நடந்த பூதத்தான் வனக்காவலர். திடீரென்று அவர் கையை உயர்த்தினார்.

பாதை நடுவில் யானைச் சாணம். ஆவி பறந்தது.

“இப்பத்தான் போயிருக்கு. குட்டியும் கூட இருக்கு,” என்றார் பூதத்தான் தணிந்த குரலில்.

“திரும்பிருவோமா அண்ணாச்சி?” வடிவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“திரும்பினா அந்த அஞ்சு பேரு?”

அவள் சாணத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

உச்சிக்கு வந்தபோது மேற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. கோபுரத்தின் அடியில் இரும்புப் பெட்டி, பேட்டரி, சோலார் பலகை எல்லாம் பத்திரமாக இருந்தன. ரேஞ்ச் ஆபீஸைப் பார்த்திருந்த இன்னொரு ரேடியோவும் உயிரோடு இருந்தது. ஆரோக்கியம் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, புது ரேடியோவோடு விறுவிறுவென்று ஏறினார்.

“மேகம் கூடுது வடிவு! சீக்கிரம் பாரு!”

கருகியதைக் கழற்றி, புதியதை அதன் டிஷ்ஷோடு பங்களாப் பக்கம் பார்க்க மாட்டினார். கேபிளைச் செருகினார். அந்த ஒரே கேபிளில்தான் மின்சாரமும் போகும், தகவலும் போகும். கோபுரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்த வடிவு லேப்டாப்பைத் திறந்தாள். ரேடியோவின் பக்கம் திரையில் வந்தது. டப்பாவிலிருந்து எடுத்த புதுச் சரக்கு. அதற்கு எதுவுமே தெரியாது. முதலில் நாடு எது என்று கேட்டது. இந்தியாவைத் தேர்ந்தெடுத்தாள். பங்களா ரேடியோதான் கூப்பிடும், இது போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும், அதையும் குறித்தாள். நெட்வொர்க் பெயர், கடவுச்சொல் இரண்டும் ரேஞ்சர் கொடுத்தவை. அவற்றையும் அடித்தாள். பங்களா ரேடியோ எந்தச் சேனலில் ஓடுகிறது என்பது மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

பரவாயில்லை, தேடினால் கிடைக்கும். தேடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

திரை வெறுமையாக வந்தது.

மறுபடியும் தேடினாள். ஒன்றுமில்லை!

“அண்ணாச்சி, டிஷ் பங்களாவைப் பாத்துத்தான் இருக்கா?” என்று ஆரோக்கியத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

“நேரா பாத்திருக்கு! அந்த ரேடியோவும் மின்னல்ல போயிருக்கும் வடிவு!”

போயிருந்தால்? அந்த ஐந்து பேர் இப்போது பையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்து என்ன செய்வதென்று வடிவு யோசிக்கும்போதே அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

“அசையாதீங்க,” என்றார் பூதத்தான், காதோடு காதாக. “பேசாதீங்க.”

புல்மேட்டின் ஓரத்தில், கல்லெறி தூரத்தில், அது நின்றது. கறுத்த பெரிய உடல். காலிடுக்கில் குட்டி. புல்லைப் பிடுங்கும் சத்தம்கூடக் கேட்டது.

“காத்து அங்கேருந்து நம்ம பக்கம் அடிக்கி. நம்ம மணம் அதுக்குப் போகல. எந்திரிச்சு ஓடினாத்தான் ஆபத்து.”

வடிவின் கண் யானையை விட்டு நகர மறுத்தது. மேலே ஆரோக்கியமும் பார்த்துவிட்டார். கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டார். அவருக்கு இறங்கவும் வழியில்லை, தலைக்கு மேலே இடி உறுமிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் சத்தம் வரும். விரலையாவது அசைக்கலாம் என்று தோன்றியது. விரல் மட்டும் அசைந்தது.

காற்றில் என்னென்ன அலைகள் இருக்கின்றன என்பதைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு பக்கம் ரேடியோவில் உண்டு. பெயர் சொல்லாது, சத்தத்தை மட்டும் காட்டும். அதைத் திறந்தாள். தட்டையான கோடு. தட்டை, தட்டை... வலது ஓரத்தில் ஒரு சின்ன மேடு!

யாரோ கூப்பிடுகிறார்கள்! அப்புறம் ஏன் தேடலில் வரவில்லை?

மேட்டை உற்றுப் பார்த்தாள். ஒல்லியாக இருந்தது. வழக்கமான மேட்டில் சரிபாதி அகலம். அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. பங்களா ரேடியோ பாதி அகலச் சேனலில் ஓடுகிறது. இந்தப் புது ரேடியோவோ முழு அகலத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. இப்படித் தேடினால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது!

யானை ஓரடி முன்னால் வந்தது. காதுகள் விரிந்தன. பூதத்தானின் பிடி இறுகியது.

அவள் சேனல் அகலத்தைப் பாதியாக்கினாள். மேடு இருந்த சேனலைக் கொடுத்தாள். சேமித்தாள். ரேடியோ அணைந்து எழுந்தது.

வந்தது! பங்களாவின் பெயர் திரையில் வந்தது. ஆனால் சிக்னல் மிக மெலிவு. ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தது. டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். கத்திச் சொல்ல முடியாது. வடிவு இடது கையை மெல்ல மெல்ல உயர்த்தி, விரலை இடப்பக்கம் சாய்த்தாள். மேலிருந்து ஆரோக்கியம் புரிந்துகொண்டார். டிஷ்ஷை மயிரிழை நகர்த்தினார். சிக்னல் குறைந்தது. விரலை வலப்பக்கம் சாய்த்தாள். ஏறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஏறியது. உள்ளங்கையை விரித்தாள்: போதும், முறுக்கு!

இணைப்பு விட்டுப்போகாமல் நிலைத்தது. உடனே ரேஞ்சருக்குத் தட்டினாள்: ‘லைன் வந்தாச்சு. கூப்பிடுங்க.’

பதில் வந்தது: ‘பங்களா போன் அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.’

அவள் அதை இரண்டாம் முறை படிப்பதற்குள் பள்ளத்தாக்கே அலறியது.

அது இடியில்லை. நிலம் அதிர்ந்தது. எதிர்மலையின் சரிவு, மரங்களோடும் பாறைகளோடும், ஓடைப் பாதையின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது! யானை பிளிறிக்கொண்டு குட்டியை முன்னால் தள்ளியபடி காட்டுக்குள் பாய்ந்தது. ஆரோக்கியம் மேலே இருந்து, “ஏசுவே! ஏசுவே!” என்று கத்தினார்.

செம்மண் புகை எழுந்து பங்களாவை மறைத்தது. யானை போய்விட்டது, ஆனால் வடிவால் எழுந்திருக்க முடியவில்லை. பிந்திவிட்டோமா? திரையைப் பார்க்கவே பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏம்மா, அதுல என்னமோ வந்திருக்கு. பாருங்க,” என்றார் பூதத்தான்.

ரேஞ்சர் எழுதியிருந்தார்: ‘ஐந்து பேரும் பங்களா வாசலில். யாருக்கும் ஒன்றுமில்லை.’

வடிவு கேவிக் கேவி அழுதாள். இறங்கி வந்த ஆரோக்கியம் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழை ஓய்ந்தபின் மீட்புப் படை கயிறு கட்டி ஐந்து பேரையும் இக்கரை சேர்த்தது. ரேஞ்ச் ஆபீஸில் ஊரே கூடி நின்று கைதட்டியது. கணக்கெடுப்புக் குழுவின் தலைவி ஷர்மிளா பானு நேராக வடிவிடம் வந்தாள்.

“நாங்க பூட்டிட்டுக் கிளம்பிட்டோம். தோட்டத்து வளைவுல கால் வைக்கிறோம், அஞ்சு பேர் பையிலயும் போன் ஒண்ணா கத்துது! நேத்துலேருந்து தேங்கின மெசேஜ் எல்லாம் கொட்டுது. கடைசியா ரேஞ்சர் மேடத்தோடது, ‘இறங்காதீங்க’ன்னு. வளைவு தாண்டியிருந்தா பங்களா வைஃபை எட்டியிருக்காது.” சொல்லிவிட்டு வடிவைக் கட்டிக்கொண்டாள்.

ரேஞ்சர் டீயை நீட்டினார். “அந்த ரேடியோ செத்துப்போச்சுன்னு எல்லாருமே நினைச்சோம். நீ எப்படிக் கண்டுபிடிச்சே?”

“அது பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு மேடம். நாமதான் சரியாக் கேக்கல.”

“யானை முன்னாடி உக்காந்து? பயமா இல்லையா?”

“செத்தே போயிட்டேன் மேடம்,” என்றாள் வடிவு. டம்ளரை வாங்கிய கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பாதி டீ தரையில் சிந்தியது. பூதத்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.