வலது என்றால் இடது

"சீனி வலது பக்க அலமாரியில இருக்கு, எடுங்க" என்று கூடத்திலிருந்து பொன்மலர் குரல் கொடுத்தாள். அவள் கணவர் ஞானதாசன் யோசிக்காமல் இடது பக்கக் கதவைத் திறந்து டப்பாவை எடுத்தார்.

சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் அவள். எண் கோட்டின் முன் பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு "வலப்பக்கம் போனா எண் கூடும்" என்னும்போது தன் இடக்கையைத்தான் நீட்ட வேண்டும். அப்போதுதான் அது அவர்களுக்கு வலம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வண்டியில் பின்னால் இருந்து அவள் "வலது" என்றால் அவர் இடதுபக்கம் திருப்புவார்.

"நான் எடுத்துத் தரட்டுமா ஐயா?" கூடத்தில் பொன்மலரோடு உட்கார்ந்திருந்த நித்திலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் எப்போது எழுந்து வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சட்டைக் காலரில் கடுகளவு கேமரா மின்னியது.

கடல் ஊருக்குள் வந்தபின் பள்ளிக் கட்டடங்களை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பொதுச்சுவர் என்ற சமூக ஊடகத்தில்தான் படித்தார்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும் என்பது புது ஆணை. தொடங்கத் தெரியாதவர்களுக்கு உதவ கல்வி வாரியம் நித்திலா போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

"நான் கணக்கு டீச்சர். எனக்கே கணக்கு தொடங்கித் தர வந்திருக்கியா?" என்று பொன்மலர் சிரித்தாள்.

நித்திலாவும் சிரித்தாள். பிறகு கேள்விகள். கோபம் வந்தால் என்ன சொல்வீர்கள்? பிள்ளை அழுதால் முதலில் எங்கே தொடுவீர்கள்?

"படம் போட, பாடம் போட இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் ஞானதாசன்.

"நாங்க தொடங்கித்தான் தர்றோம் ஐயா. அவ்வளவுதான்."

"முடிச்சுத் தர்றது யாரு?"

"என்னங்க, பிள்ளையைப் போட்டுக் குடையாதீங்க" என்றாள் பொன்மலர்.

அந்த வாரமே பொன்மலர் தூக்கத்திலேயே போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை, பொதுச்சுவரில் அவளுடைய பக்கத்தில் அவள் முகம் வந்து, "வாங்க செல்லங்களா, இன்னைக்குப் பெருக்கல்" என்றது. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று நினைத்து வாரியத்தைக் கேட்டார். அவர்கள் நிதானமாக விளக்கினார்கள்: பாடம் நடத்துவது நிழலி, அவளிடம் கேட்டதையும் பார்த்ததையும் வைத்து இயந்திரம் செய்த உருவம். பக்கம்தான் ஆசிரியர், பொன்மலர் அதைத் தொடங்கி வைத்தவர்.

அந்தப் பக்கத்தை மூடச் சொல்லி அவர் குறைதீர் மன்றத்துக்குப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவள் நித்திலா. அவளைக் கண்டதும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

"டீச்சர்கிட்ட இருந்தது, இந்த நிழலிகிட்ட இல்லாதது ஏதாவது காட்டுங்க ஐயா. குறை உறுதியானா தீர்த்துடுவோம்."

தீர்த்துவிடுவோம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கிருந்த திரையின் முன் உட்கார்ந்தார்.

"மலரு, சீனி எங்க இருக்கு?"

"இடது பக்க அலமாரியிலங்க" என்றது அவள் முகம்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று வாசலில் நின்ற கேமரா அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறது; அவர் திறந்த கதவையும் பார்த்திருக்கிறது. சொன்னதைப் பிழை என்று திருத்திக்கொண்டது.

"இது அவ இல்ல" என்றார். "அவ வலதுன்னுதான் சொல்லுவா."

"ஏன் ஐயா?"

அவர் சொன்னார். எண் கோட்டை, நீட்டிய இடக்கையை, வண்டியை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. நித்திலா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். அவள் காலரில் அந்தக் கடுகு மின்னிக்கொண்டிருந்தது.

"நல்லா விளக்கினீங்க. குறை உறுதியாயிடுச்சு" என்றாள்.

மறுநாள் காலை பக்கம் மூடியிருக்கும் என்று நம்பித்தான் திறந்தார். பொன்மலர் பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். "வலப்பக்கம் போனா எண் கூடும்" என்று சொல்லி, இடக்கையை நீட்டினாள். ஒரு விரல் மட்டும் லேசாக மடங்கி, அவள் நீட்டுவதைப் போலவே.

அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: குறை தீர்க்கப்பட்டது.

இனி அவளைப் பற்றி அவருக்கு மட்டும் தெரிந்தது என்று எதுவும் மிஞ்சவில்லை. திரையை அணைத்துவிட்டு எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

சீனி இன்னும் இடது பக்க அலமாரியில்தான் இருக்கிறது.