எர்லி உருளைக்கிழங்கு

"யாருங்க அது, என் பாத்தியில?"

ரோவீனா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஓடினாள். இங்கிலாந்தில், மே மாதத்து லங்காஷயர் மாலை... வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவள் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில், அவள் நட்ட உருளைக்கிழங்குச் செடிகள்மேல், நெட்டையாக ஒருவன் பழைய போர்வையை விரித்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்துத் தோட்டம்ங்க. டென்சில். இன்னைக்கு உறைபனி விழும், உங்க செடி கருகிடும்."

"நான் கேட்டேனா?"

"கேக்கலை. இதை எப்ப நட்டீங்க?"

"பிப்ரவரியில. பையிலேயே எர்லின்னு போட்டிருந்துதே."

சிரித்துவிட்டான். "அது சீக்கிரம் விளையுற ரகம்ங்க. சீக்கிரமா நடச் சொல்லலை."

அவளுக்குச் சுருக்கென்றது. 'உனக்கு எதுதான் ஒழுங்கா வரும்?' என்று அம்மா சிரிக்கிற அதே சிரிப்பு...

"போதும். நான் இருக்கும்போது இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். சாம்பல் நிறக் கண்கள்... கோபத்திலும் அவை அவள் மனசில் பட்டுத் தொலைத்தன.

மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளை. அவளுடைய செடிகள் போர்வைக்கடியில் பச்சைப்பசேலென்று இருந்தன. பக்கத்தில் டென்சிலின் பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது.

"இருந்த போர்வையை எல்லாம் உனக்கே போட்டுட்டான்மா," என்றார் எதிர்த் தோட்டத்து ஹியூபர்ட். "வருஷா வருஷம் ஊர்லயே முதல் கிழங்கு அவன்தான் எடுப்பான். இந்தத் தடவை போச்சு."

ரோவீனா நன்றி சொல்லத் தோட்டத்திலேயே காத்திருந்தாள். அன்று மாலையும் அவன் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பாவி, விடியும் முன்பே வந்து போய்விடுகிறானாம்.

இந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். விடியற்காலையும் எர்லி, விருந்துக்கு முன்னால் வந்து நிற்பதும் எர்லி, மனசில் இருப்பதைச் சொல்ல வாய் திறந்தால் அதுவும் எர்லி. அப்படியே மென்று விழுங்கி, ஆயுசு முழுக்க அடுத்தடுத்த பாத்தியில் களை பிடுங்குவார்கள்.

ரோவீனா விழுங்கவில்லை. இருட்டுப் பிரியும்போதே வந்து அவன் கொட்டகை வாசலில் நின்றாள். தூறல்... முடியெல்லாம் நனைந்திருந்தது.

"நீங்க... இவ்வளவு எர்லியா?"

"நன்றி சொல்ல வந்தேன். திட்டினதுக்கு மன்னிப்பும். உங்களோடதை விட்டுட்டு ஏன் என்னோடதை மூடினீங்க?"

அவன் மண்ணைப் பார்த்தான். "பிப்ரவரிக் குளிர்ல முழங்கால் சேத்தோட நட்டுக்கிட்டிருந்தீங்க. பாத்தேன். அது கருகினா... நீங்க தோட்டத்தை விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு..."

"போனா என்ன?"

அவன் காது சிவந்தது.

"சரி, நானே சொல்றேன். ரெண்டு தடவைதான் பேசியிருக்கோம், ஊரே சிரிக்கும். ஆனா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு டென்சில். ரொம்ப."

அவன் கண்கள் நிறைந்தன.

"சொல்லிட்டீங்களே..." என்றான். "நன்றிங்க. எனக்கு இந்த ஜென்மத்துல இதைச் சொல்ல வாய் வந்திருக்காது."