குழாயில் இரண்டு தட்டல்

ஜன்னல் வழியே வந்த மதிய வெயில் தரையில் கிடந்தது. சாரம் கட்டும் தொழிலாளியை அவர் மனைவி சக்கர நாற்காலியில் வைத்துப் பயிற்சி அறைக்குள் தள்ளி வந்தாள். மருந்தும் ரப்பரும் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து ஐந்து மாதம். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே வெறும் மரக்கட்டை.

பயிற்சியாளன் படம் காட்டும் கறுப்புப் பெட்டி ஒன்றை அவர் கண்களை மறைத்து மாட்டினான்.

"அண்ணே, இதுக்குள்ள உங்க காலு நடக்கும். நீங்களே நடக்கிறதா நெனச்சுப் பாருங்க. மூளைக்குப் பழைய பாதை ஞாபகம் வரும்."

"நடந்துட்டா பால் வாங்க இவ என்னத்தான் வெரட்டுவா, தம்பி."

"மொதல்ல நடங்க, அப்புறம் வெரட்டுறேன்," என்றாள் மனைவி.

பெட்டிக்குள் ஒரு மண்பாதை. குனிந்தார். இரண்டு கால்கள் நடந்தன.

டங். டங்.

"தம்பி, இதுல சத்தம் வருமா?"

"இல்லண்ணே. காதுல ஒண்ணுமே மாட்டலையே."

இரும்புக் குழாயில் ஸ்பேனர் தட்டும் சத்தம் அது. சாரத்தில் கீழே நிற்பவன் இரண்டு தட்டினால், 'இறுக்கியாச்சா?' மேலே இருப்பவன் ஒன்று தட்டினால், 'ஆச்சு, ஏறு.' விழுந்த அன்றைக்குக் கீழே நின்ற கூட்டாளி நெட்டையன் இரண்டு தட்டிக் கேட்டான். குழாய்களைப் பிணைக்கும் கிளாம்பை இவர் ஸ்பேனரால் இறுக்காமல் கையால் மட்டும் திருகியிருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தட்டு தட்டினார். நெட்டையன் ஏறினான். இரண்டு பேரும் விழுந்தார்கள். பிழைத்தது இவர் மட்டும்.

மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மறுபடி குனிந்தார்.

பெட்டிக்குள் தெரிந்த கால்கள் இப்போது நீண்டிருந்தன. வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது, என்றோ குழாய் விழுந்து நெட்டையனுக்குக் கறுத்தது போலவே.

காதோரம் சிமெண்ட் வாடையோடு நெட்டையன் குரல்.

"மாப்ளே, இறுக்கிட்டியா?"

"கழட்டு தம்பி. கழட்டிடு."

பெட்டி கழன்றது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னங்க, உங்க காலு அசைஞ்சுது."

பயிற்சியாளன் டாக்டரைக் கூப்பிட ஓடினான். அவள் குனிந்து அவர் முழங்காலைப் பிடித்தாள்.

"எனக்காக இன்னொரு தடவை ஆட்டுங்க."

"நான் ஆட்டலடி."

வலது குதிகால் தானாக எழுந்தது. நாற்காலியின் இரும்பு மிதிபலகையில் இரண்டு முறை இறங்கியது. வெறும் சதைதான். ஆனால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம்.

டங். டங்.

நின்றது.

பதிலுக்குக் காத்திருந்தது.