நாற்பத்தொன்றாவது புண்

நாற்பது பேருக்கு ஆறிவிட்டது. நாற்பத்தொன்றாவது ஆளுக்கு மட்டும் ஆறவில்லை.

புண்ணின் மேல் ஒட்டும் அந்த ‘ஆற்றுப்படலம்’ ஜெல்லி மீனின் கொலாஜனிலிருந்து பிறந்தது. அந்தப் புரதத்தின் எந்தத் துண்டு மனிதத் தோலை வளரத் தூண்டும் என்று ‘நெய்வான்’ என்ற செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்லும். தூத்துக்குடி ஆய்வகத்தில் நப்பின்னை அதைப் படலமாக வார்ப்பாள். சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பதினோரு நாளில் மூடிக்கொண்டது.

நாற்பத்தொன்றாவது ஆளான தஸ்நேவிஸுக்கு எழுபத்தொரு வயது. விசைப்படகு மெக்கானிக்காக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், மகள் நார்வேயில். தினமும் பத்து மணிக்கு நப்பின்னை அவர் வீட்டுக்குப் போய்ப் புண்ணைப் பார்ப்பாள். ஏழு வாரத்தில் ஏழு புதிய படலங்கள். புண் அப்படியே இருந்தது. இன்னும் பரவினால் காலை எடுக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் ஒன்பதரைக்கே போய்விட்டாள். கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து படலத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, என்ன பண்றீங்க?”

“ஆறிட்டுன்னா நீங்க வரமாட்டீங்கல்லா டாக்டரம்மா?”

“காலே போயிரும்.”

“இந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போகப்போறேன்?”

அன்று அவள் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தாள். ஆய்வகம் திரும்பி, நடந்ததை அப்படியே நெய்வானில் பதிந்தாள். பதில் உடனே வந்தது. *ஆறாமைக்குக் காரணம்: வருகை. வருகையை நிறுத்தவும்.*

முதலில் சிரிப்பு வந்தது. மறுபடி படித்தபோது அதில் பிழை ஏதும் தெரியவில்லை. ஆய்வக இயக்குநர் மதுரநாயகமும் அதையேதான் சொன்னார்: “அவர் கால் முக்கியமா, நீங்க உக்காந்து பேசுறது முக்கியமா?”

மறுநாள் அவரிடம் சொன்னாள். “இனிமே நான் வரமாட்டேன் ஐயா. ஆறினாலும் சரி, ஆறாட்டாலும் சரி. இங்க வைக்கிற கேமரா புண்ணப் பாத்துக்கும்.”

அவர் வேட்டியால் காலை மூடிக்கொண்டார். “சரிம்மா” என்றார்.

பன்னிரண்டாம் நாள் படம் வந்தது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். சோதனை முழு வெற்றி. படலப் பெட்டியோடு போகும் குறிப்புத்தாளில் நெய்வான் ஒரு வரி சேர்த்தது: *சிகிச்சைக் காலத்தில் நோயாளியை யாரும் சந்திக்க வேண்டாம்.* அந்த வரி முப்பது மொழிகளில் அச்சானது. எல்லா ஊரிலும் புண்கள் ஆறின.

நப்பின்னை ஆய்வகக் குடியிருப்பில் ஆறு வருடமாகத் தனியாக இருப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தஸ்நேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்து திறந்தார்.

“புண்ணுதான் ஆறிட்டே. எதுக்கும்மா வந்தீங்க?”

குரலில் கோபமில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வந்ததற்குக் காரணமாகக் காட்ட அங்கே ஒரு புண்ணும் இல்லை.