சுடலைமணியின் இடது கால்

காலை எட்டு மணிக்குச் செண்பகவல்லி வேலைக்கு வந்தபோது சுடலைமணியின் இடது கால் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தது. சுடலைமணி பக்கத்து அறையில் மயக்கத்தில் கிடந்தான். நிலாச் சுரங்கத்தில் மாதத்துக்கு ஒரு கையோ காலோ இப்படித் தனியாக மருத்துவமனைக்கு வந்து சேரும்; அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. செண்பகவல்லி பதறியது வேறு காரணத்துக்கு. அது நேற்று மாலையே உடம்போடு சேர்ந்திருக்க வேண்டிய கால்.

உயிரோட்டப் பெட்டி, வெட்டுப்பட்ட உறுப்பின் குழாய்களுக்குள் ஊட்டநீரைச் செலுத்தி இருபது மணி நேரம் அதைச் சாகாமல் காக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நரம்பில் மின்துடிப்புக் கொடுத்துப் பார்க்கும். விரல் ஆடினால் கால் பிழைத்திருக்கிறது என்று பொருள். இந்தக் கால் வந்தது நேற்று மதியம் ஒரு மணிக்கு. மிச்சம் ஒரு மணி நேரம்.

செண்பகவல்லி குருதியோட்டுநர். ரத்தத்தில் ஒரு துளியும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதும், வேண்டாத ஒரு துளியும் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. விண்ணுடைக்குள் சுடலைமணி சிந்தியதையெல்லாம் உறிஞ்சிக் கழுவி அவனுக்கே திருப்பி ஏற்றிவிட்டுத்தான் நேற்று வீட்டுக்குப் போனாள். அப்படியும் இரண்டு பை குறைந்தது. அதற்கு வளர்குருதி ஏற்ற வேண்டும். நகரச் சட்டப்படி தகப்பன் இசக்கியப்பன் கைரேகை வைக்க வேண்டும். இரவுப் பணியிலிருந்த எந்திரன் பதினொரு தடவை கேட்டும் அவர் வைக்கவில்லையாம்.

வெளியே கூடத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இரண்டு மாதத்தில் சுடலைமணியைக் கட்டிக்கொள்ள இருந்த ஆவுடை, அவனுடைய ஒற்றைப் பூட்ஸை மடியில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு ரத்தம்னு தெரியாம நான் எப்படி ரேகை வைக்கது, டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லைங்க ஐயா. அது யாரு ரத்தமும் இல்ல. தொட்டியில வளர்த்தது."

"வெத இல்லாம மொளைக்குமா? மொதல்ல யாரு குடுத்தா?"

"எண்பது வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் நாலு சொட்டு குடுத்தாரு. பேர எழுதி வைக்கல."

"பேரு யாருக்கு வேணும்? என்ன ஆளுகன்னு சொல்லுங்க, போதும்."

"மாமா, கால் போயிரும் மாமா" என்றாள் ஆவுடை.

"நீ சும்மா இரு தாயி. ரத்தம்லா!"

"ஐயா, நீங்க குடிக்கிற தண்ணி இந்த ஊர்ல எத்தனை பேர் உடம்புக்குள்ள போய் வந்ததுன்னு தெரியுமா?"

"அது தண்ணி. வடிகட்டிருதாவ."

செண்பகவல்லிக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளே பெட்டி கூவியது: நாற்பது நிமிடம். கட்டைவிரல் இப்போது பாதிதான் ஆடியது. அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள், ஒரு நிமிடம் சும்மா நின்றாள், திரும்பி வந்தாள்.

"பழைய பதிவேட்டப் பார்த்துட்டேன் ஐயா. உங்க வகையறாதான்."

"இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா!" என்று எழுந்து ரேகை வைத்தார்.

கால் ஒட்டியது. புண்ணைச் சுற்றிக் கட்டிய நுண்ணோட்டப் பட்டை இரண்டு வாரம் ரத்தத்தைச் சீராகச் செலுத்த, ஓரங்கள் இளஞ்சிவப்பாகி மூடிக்கொண்டன. நாற்பதாம் நாள் சுடலைமணி நடந்தான். ஒரு பொய்க்கு இத்தனை பலனா என்று செண்பகவல்லிக்கே வியப்பு. இடையில் ஆவுடைக்குக் குடல்வால் வெடித்து அறுவை செய்தபோது, அவள் அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டாள். கைவசம் மருந்து இருக்கும்போது தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவானேன்? உங்க வகையறாதான் என்று சொல்லிச் செண்பகவல்லி ரேகை வாங்கிக்கொண்டாள்.

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுவாரம் இசக்கியப்பன் ரத்தம் ஏற்றியதற்கான இரண்டு ரசீதுகளோடு வந்தார். இரண்டிலும் தொட்டி எண் ஒன்று. பின்னால் ஆவுடையும் சுடலைமணியும், முகத்தில் ஈயாடாமல்.

"என்ன டாக்டரம்மா இப்படிப் பண்ணிட்டிய? ஒரே தொட்டி, ஒரே வகையறா. அண்ணன் தங்கச்சிக்கு எப்படித் தாலி கட்டி வைக்கது?"

"ஐயா, ஊருக்கே ஒரு தொட்டிதான்! எல்லாருக்கும் அதுதான் ஏறுது!"

"அப்ப ஊரே பங்காளியா?" அவர் முகம் வெளுத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், செண்பகவல்லிக்கு நம்பிக்கை வந்தது. "எத்தன கல்யாணம் கெட்டுப்போச்சோ!" என்றார் அவர்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. கால் போயிருமேன்னு சொன்னேன்."

"அன்னிக்கு உண்மையத்தான் சொன்னிய. இப்பதான் பொய் சொல்லுதிய."

இன்னொரு தொட்டி கேட்டு மூவாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு நகரமன்றத்துக்குப் போனது. இரண்டாம் தொட்டி வந்தது. அதற்கு வித்துக்கு எங்கே போவது? செண்பகவல்லி முதல் தொட்டியிலிருந்து ஒரு குழாயைப் போட்டு இரண்டாவதை நிரப்பி, வெளியே "2" என்று ஒட்டினாள். ஊர் நிம்மதியடைந்தது. சுடலைமணியை அந்தத் தொட்டிக்கு மாற்ற ஒரு பை புதிதாக ஏற்ற வேண்டும் என்று இசக்கியப்பன் ஒற்றைக்காலில் நின்றார். கால் சாகக் கிடந்தபோது ஒரு துளிக்குச் சம்மதிக்காத மனிதர், வேண்டாத ரத்தத்துக்கு வரிசையில் முதல் ஆளாக நின்று ரேகை வைத்தார். பதினைந்து வருட வேலையில் காரணமில்லாமல் அவள் ஏற்றிய முதல் பை அது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை இரண்டு காலிலும் நின்று தாலி கட்டினான். பந்தியில் இசக்கியப்பன் தானே வந்து, அச்சிட்ட வாழையிலையை அவள் முன் விரித்துத் தண்ணீர் தெளித்தார். சாம்பார் வாளியைக் கையில் எடுத்தவர், என்னவோ நினைவு வந்தாற்போல் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்கிடாதிய டாக்டரம்மா, சும்மா தெரிஞ்சுக்கிடதான் கேக்கேன். நீங்க எந்தத் தொட்டி?"