கேலா வாசித்த எச்சரிக்கை

காலை ஏழே முக்கால். ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஜன்னல்களை அப்பிக்கொண்டிருந்தது. கல்லூரியின் சேர்க்கை அறையின் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்த அகஸ்டா ட்ரம்பவர், மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

வாசலிலிருந்து தெரிவது கணினித் திரையின் முதுகு மட்டும்தான். மேசையோடு திருகி முடுக்கிய திரை அது. அதன் விளிம்புக்கு மேலே கொஞ்சம் தலைமுடி. அகஸ்டா சுற்றிப் போனார். சேர்க்கையைக் கவனிக்கும் தம்பி மகன் லீலண்டின் நாற்காலியில், ஓர் இரும்புத் தண்டின் மேல், கேலா ப்ரூயட்டின் முகம். நீல வெளிச்சத்தில் அந்தக் கண்கள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன.

இங்கே படித்து முடித்த கேலா, போன பனிக்காலத்தில் செத்துப்போனவள்.

மெழுகு என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. சிதைந்த முகங்களை மெழுகால் திருத்திச் சவப்பெட்டியில் கிடத்தும் வேலையைக் கற்றுத்தரும் கல்லூரி அது; ட்ரம்பவர் குடும்பம் நடத்துவது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எழுதப் பழகும் வயதிலேயே மெழுகு பிசையவும் பழகிவிடுவார்கள். எழுபத்தாறு வயது அகஸ்டா பிணத்துக்குப் பயந்தவர் இல்லை. இருந்தும் ஓரடி பின்வாங்கினார்.

திரையில் அரசாங்கத்தின் எச்சரிக்கை திறந்திருந்தது. இந்தப் படிப்பை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு, வாங்கிய கல்விக் கடனைக் கட்டும் அளவுக்குச் சம்பளம் கிடைப்பதில்லை. கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் மாணவர் அதைப் படித்து, ‘படித்தேன்’ என்று தானே அழுத்த வேண்டும் என்பது சட்டம். அகஸ்டாவுக்கு அந்தச் சட்டம் கசப்புதான். ஆனால் இந்த வீட்டில் சட்டத்தை மீறியவர் கிடையாது என்பது அவருடைய கர்வம்.

கேலா பகலில் பிணங்களை அலங்கரித்தாள். கடன் அடையவில்லை என்று இரவில் கிடங்கில் பெட்டி தூக்கினாள். ஒரு விடியற்காலை காரை ஓட்டிக்கொண்டே தூங்கிப்போனாள்.

பதினொரு மணிக்குப் புது மாணவர்கள் கையெழுத்துப் போட வருகிறார்கள். அதற்குள் இது வெளியே கசிந்தால் ட்ரம்பவர் என்ற பெயர் சந்தி சிரிக்கும்.

பத்து மணி. மாவட்டத் துப்பறிவாளர் ரோண்டா குடெக் வந்ததும் மாணவர்கள் உட்காரும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பின் அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“பூட்டு உடையல. சாவி யார்கிட்ட?”

“என்கிட்ட ஒண்ணு, லீலண்ட்கிட்ட ஒண்ணு.”

“யார் மேல சந்தேகம்?”

“ஓட்டிஸ் ப்ளம். மெழுகு வாத்தியார். சம்பளத்தைக் கூட்டச் சொன்னான், நான் கூட்டல. என் குடும்பத்தை மட்டும் இதுல இழுக்காதீங்க.”

ஓட்டிஸ் வந்து தலையை ஒரு சுற்றுப் பார்த்தான். “நான் செஞ்சிருந்தா மூக்கு இதைவிட நல்லா வந்திருக்கும், மேடம். நான் வேலைக்குச் சேர்ந்ததே அந்தப் பொண்ணு போனப்புறம். கூடத்துல மாட்டியிருக்கற படத்தைத்தான் பார்த்திருக்கேன்.”

“அந்தப் படத்தைக் கொண்டாங்க.”

கேலா தன் கைபேசியில் தானே எடுத்துக்கொண்ட படம். சிரிப்பு. இடது கன்னத்தில் மச்சம். சட்டையில் இருந்த கல்லூரிப் பெயரை வாசிக்க முடியவில்லை.

லீலண்ட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இது மிரட்டல், அத்தை. என் நாற்காலியிலயே வெச்சிருக்கானுங்க பாருங்க.”

மூடுபனி விலகி வெயில் மேசைமேல் விழுந்தது.

“மேடம், உயிரோட இருக்கறப்ப மச்சம் எந்தக் கன்னத்துல?” ரோண்டா கேட்டார்.

“வலது. பெட்டியில வெக்கறதுக்கு முன்னாடி என் கையாலதான் பவுடர் போட்டேன்.”

“மெழுகுலயும் வலதுதான். படத்துல இடது. சட்டையில எழுத்தெல்லாம் வலமிருந்து இடமா ஓடுது பாருங்க. கண்ணாடியில பார்க்கற மாதிரி மாறி விழுந்த படம். இதை வெச்சு ஓட்டிஸ் செஞ்சிருந்தா மச்சம் இடது பக்கம் வந்திருக்கும். செஞ்சவர் அவளை நேர்ல பார்த்தவர். சாவி வெச்சிருக்கறவர். மேடம் செஞ்சிருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.”

“நானா? என்னை நானே பயமுறுத்திக்கிட்டேனா?” லீலண்ட் சிரிக்கப் பார்த்தான்.

“மிரட்டணும்னா முகத்தை வாசல் பக்கம் திருப்பி வெச்சிருப்பீங்க. இது திரையைப் பார்க்குது. நான் அப்பலேர்ந்து மாணவர் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியறது வயரும் தூசியும்தான். எச்சரிக்கையைப் படிக்க இந்த அறையில ஒரே இடம் உங்க நாற்காலி. அப்ப ‘படித்தேன்’னு அழுத்தினது யார் விரல்?”

வெயிலில் இளகிய மெழுகு உதடுகள் மெல்லப் பிரிந்து, பேச வாயெடுத்தது போல நின்றன.

லீலண்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“செத்தப்புறமும் தினமும் என் எதிர்ல வந்து உட்கார்றா, அத்தை. ‘திரையை இப்படித் திருப்புங்க சார், நானும் பார்க்கறேன்’னு கையெழுத்துப் போட வந்த அன்னைக்குக் கேட்டா. ‘சும்மா சம்பிரதாயம்மா’ன்னு சொல்லி நானே அழுத்தினேன். எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு ராத்திரியாவது அவ படிக்கட்டும்னு வெச்சேன்.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“உங்ககிட்டயா? ‘நம்ம பேரு, நம்ம பேரு’ன்னு நிப்பீங்க. வாய் வரல. யாராவது வந்து கேட்கட்டும்னு இருந்தேன்.”

அகஸ்டா அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். இளம் குரல்கள்.

“மெழுகு பொம்மை வெக்கறது குத்தமில்ல. ஆனா மாணவருக்குப் பதிலா அழுத்தினதை நான் மேலே எழுதி அனுப்பணும்” என்றார் ரோண்டா. “பேரை எப்படிப் போடட்டும், மேடம்?”

“லீலண்ட் ட்ரம்பவர்.” குரல் பிசகவில்லை. “ட்ரம்பவர்ங்கறதை விட்டுடாதீங்க. அதுக்குக் கீழே என் பேரையும் போடுங்க.”

கறுப்புக் கவுனை நீவிவிட்டுக்கொண்டு அவர் தனியாகப் படியிறங்கினார். கூடத்தில் பேனாவும் கையுமாக இருந்த பிள்ளைகள் அவரைக் கண்டு எழுந்தார்கள்.

“உட்காருங்க. பேனாவை உள்ள வைங்க” என்றார் அகஸ்டா. “கேலான்னு ஒரு பொண்ணு இங்க படிச்சா. அவளுக்கு நாங்க என்ன செஞ்சோம்னு முதல்ல சொல்றேன்.”